மந்திரமூர்த்தி போட்ட பூட்டு

சாயங்காலம் ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மந்திரமூர்த்தி சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுப்பார். தலையில் மிச்சமிருப்பது காதோர முடிதான். அதற்குத்தான் இத்தனை சிங்காரம். கர்சீப்பால் கம்ப்யூட்டர் காமிராவைத் துடைப்பார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். சரியாக ஆறுக்கு மஸ்கட்டிலிருந்து மகள் சுதாராணி வீடியோ சாட்டில் திரையில் வருவாள். அங்கே நர்ஸ் வேலை. டூட்டிக்குக் கிளம்பும் முன் அரைமணி நேரம் அப்பாவுக்கு.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸின் கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பு. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அவர் தெருவுக்கு இன்னும் இன்டர்நெட் லைன் வரவில்லை. பிரவுசிங் சென்டரில் அடுத்த ஆள் காதுபட "சாப்ட்டியாட்டி?" என்று கேட்க அவருக்கு வாய் வராது. ஆகவே, ஆபீஸ் பெண்கள் பஸ்ஸுக்குப் போன பிறகுதான் அவருக்குப் பொழுது விடியும்.

வேலையில் கறார் பேர்வழி. ஆபீஸுக்கும் குடோனுக்கும் நடுவே புதைத்த கேபிள், கோடையில் கரிசல் வெடிக்கும்போதெல்லாம் அறுந்துபோகும். "இந்த மண்ணு ஒண்ணையும் உள்ள வச்சிருக்க விடாது. வயர்லெஸ்தான் தோது" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தார்.

போன மாசம் சாட்டில் மகள் பெயரில் ஒரு வரி வந்தது: 'இந்தப் போட்டோவில் இருப்பது நீங்களா?' ஆசையாக அமுக்கிவிட்டார். அனுப்பியது மகளல்ல, வைரஸ். மூன்று நாள் ஒரு மிஷினும் எழும்பவில்லை. ரசீது போட வழியில்லாமல் லாரிகள் லோடோடு வாசலில் நின்றன. முதலாளி லிங்கராஜ் ஆபீஸ் பெண்களைச் சத்தம்போட ஆரம்பித்தார். மந்திரமூர்த்தி எழுந்து நின்றார்.

"அதுகள ஏசாதீங்க மொதலாளி. அமுக்குனது நாந்தான்."

லிங்கராஜுக்குக் கோபம் இறங்கிவிட்டது. "சரி விடுங்க அண்ணாச்சி. இனி இப்படி வராம இருக்க ஒரு பெட்டி பாருங்க. வயர்லெஸும் அதுலயே இருக்கட்டும். நீங்க எதச் சொல்லுதீங்களோ, அதான்."

மதுரை டீலர் வைரஸை வாசலிலேயே மறிக்கும் இரண்டு ஃபயர்வால் பெட்டிகளைக் கொடுத்தனுப்பினார். இரண்டிலும் வயர்லெஸ் உண்டு. ஒன்று சாட்டை மட்டும் கண்டுகொள்ளாமல் உள்ளே விட்டுவிடும். மற்றது அதையும் மறித்துவிடும். எட்டு நாள் மாற்றி மாற்றி மாட்டி, லேப்டாப்பைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு குடோன் முழுக்க நடந்தார். பாழாய்ப்போன முதல் பெட்டியின் சிக்னல்தான் நன்றாக எட்டியது. அதைக் காரணம் காட்டியே அதை வாங்கிவிடலாம், கேட்பார் யாருமில்லை. ஒரு ராத்திரி அந்த நினைப்பிலேயே கழிந்தது. காலையில் ஏணி போட்டு ஏறி, இரண்டாம் பெட்டியை வராந்தா உத்தரத்தில் உயரக் கட்டினார். குடோன் கடைசி வரை எட்டியது.

"உங்க மிஷினுக்கு மட்டும் சாட்டைத் திறந்து வச்சுக்கலாமே சார்" என்றார் டீலர் போனில்.

"ஓட்டை விழுந்ததே எம் மிஷின்லதான? எல்லாருக்கும் பூட்டிட்டு நான் மட்டும் கள்ளச்சாவி வச்சுக்கிடவா?"

அன்று சாயங்காலம் மகளிடம் சொன்னார். "நாளையிலேருந்து ஆபீஸ்ல சாட் கெடையாதுட்டி."

"யாருப்பா நிறுத்துனது?"

"நாந்தான்."

"ஞாயித்துக்கிழமை போன் போடுதேன்ப்பா. ரெண்டு நிமிசமாவது பேசலாம். நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். தலையை ஆட்டினார்.

மறுநாள் எல்லோரும் போனதும் ஒவ்வொரு மிஷினிலும் சாட்டைத் திறந்து பார்த்தார். எதிலும் திறக்கவில்லை. கடைசியாகத் தன்னுடையது. அதிலும் திறக்கவில்லை.

"நல்லாத்தான் வேல பாக்குது" என்றார், காலி ஆபீஸில். மிஷினை அணைத்தார்.

ஆறு அடிக்க ஐந்து நிமிஷம். கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. சீப்பை எடுத்து, இருண்ட திரையில் முகம் பார்த்து நிதானமாகத் தலை வாரினார். பிறகு மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.