இன்னும் இறங்காத தொண்ணூற்றொரு பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு வசந்தா அண்ணி வாசற்படியில் வந்து நின்றார். அழவில்லை. "அவரு எழுந்திருக்கல தங்கச்சி" என்றார். கண்டக்டர் முருகேசன் அண்ணன் போய்விட்டார் என்பது எனக்கு உறைப்பதற்குள் திரி எண்ணெய்க்குள் நழுவிவிட்டது.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் அவருடைய பஸ்ஸில் ஏறாதவர்கள் நம் தெருவில் குறைவு. மலை வளைவில் குமட்டுகிறவர்களுக்கு எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுப்பவராக உங்களுக்கு அவரைத் தெரியும். எனக்கு அவரைக் கடைசி எட்டு மாதங்களில்தான் சரியாகத் தெரிந்தது.

ஓய்வுபெற்ற சில நாளிலேயே பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. என்னப்பா வேண்டும் என்று பெங்களூர் மகள் கேட்டதற்கு, பாகம் பாகமாகச் சேர்த்து ஒட்டுகிற விண்வெளிக் கப்பல் பொம்மை ஒன்று கேட்டிருக்கிறார். கதையில் மட்டும் பறக்கிற கப்பல். பூத் தொடுக்கிற கை என்பதால் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இந்த வயதில் எதற்கு அண்ணே இது என்றேன்.

"நம்ம பஸ்ஸு வெள்ளிமலையோட திரும்பிக்கினு வந்துடும். அதுக்கு மேல போற வண்டி எப்பிடி இருக்கும்னு ஒரு தபா பாத்துடறேனே" என்றார்.

புதுப் பொருளாயிற்றே என்று பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுத்தான் திறந்தேன். "இன்னா தங்கச்சி, ஆயுத பூஜையா? சக்கரமே இல்லியே, எலுமிச்சம்பழத்த எதுல வெப்ப?" என்று சிரித்தார்.

இருவரும் உள்ளே குனிந்து பார்த்தோம். சாம்பல் நிறச் சட்டங்களில், காம்பில் காய்த்ததுபோல நூற்றுக்கணக்கில் சிறு பாகங்கள். நகம் அளவுத் தகட்டில்கூட முடியைவிட மெல்லிய கோடுகள், திருகாணித் தலைகள், குழாய்கள். ஓட்டுகிறவர் ஒரு அரிசி அளவுதான். அவருக்கும் மூக்கு இருந்தது. அண்ணன் அவரை இடது உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோயில் தூண் சிற்பத்தைத் தவிர வேறெதையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் அவர் தூங்கி எழுவதற்குள் வேலையை முடித்துவைத்தேன். கீரையை ஆய்ந்து வைத்துக்கொண்டுதானே அடுப்பைப் பற்றவைப்போம்? அப்படியே எல்லாப் பாகங்களையும் சட்டத்திலிருந்து நறுக்கி, கழுவி, தட்டில் காயவைத்தேன். முந்நூற்றுப் பதினெட்டு என்று நோட்டில் எழுதினேன். வெறும் சட்டங்களைத் தண்டுபோலக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன்.

எது எந்தப் பாகம் என்கிற எண் சட்டத்தில்தான் இருந்தது, பாகத்தில் இல்லை. அண்ணன் செய்முறைப் புத்தகத்தைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள் நான். கணக்கில் மட்டும் தப்பு வந்ததில்லை. அன்றும் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. எது எதுவென்றுதான் தெரியவில்லை.

அவர் இடது கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "உடு தங்கச்சி. எல்லாருக்கும் டிக்கெட் கிழிச்சாச்சு. இனிமே ஸ்டாப் பாத்து ஒவ்வொருத்தரா எறக்கி வுடுவோம்."

அதன்பின் தினமும் மதியம் அவர் படத்தைக் காட்டுவார், நான் தேடுவேன். சில நாள் ஒன்றுகூட அகப்படாது. ஒன்று பொருந்தினால், "எறங்கிட்டாரு, ரைட்" என்பார். கப்பல் மெதுவாக உருவாகிவந்தது. அவருக்குப் பார்வை அதைவிட வேகமாக மங்கிவந்தது. இரண்டாம் முறை வாதம் வந்தபின் படத்தைக் காட்டும் விரலும் நிற்கவில்லை. நான் வேண்டாத தெய்வமில்லை. நறுக்கியதை ஒட்டவைக்க எந்தத் தெய்வத்தாலும் ஆகவில்லை.

சனிக்கிழமை மதியம் கேட்டார்: "இன்னும் எத்தினி பேரு நிக்கிறாங்க?"

தட்டில் தொண்ணூற்றொன்று இருந்தது. "பத்து பேருதாண்ணே" என்றேன்.

"அப்ப இந்த வாரமே கெளம்பிடும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பாதிக் கப்பல் அண்ணி வீட்டில் அவர் படத்தருகே இருக்கிறது. ஓட்டுகிறவரை அண்ணன் இருக்கும்போதே உட்காரவைத்துவிட்டோம். தட்டு என் பூஜை அலமாரியில் இருக்கிறது. அண்ணி புத்தகத்தைப் பார்த்துத் தேடச் சொன்னாலும் படம் எனக்குப் பிடிபடவில்லை. நோட்டில் தொண்ணூற்றொன்று என்று எழுதியிருக்கிறேன். அவரிடம் சொன்ன பத்தை எங்கும் எழுதவில்லை. கணக்கில் தப்பாத நான் தெரிந்தே சொன்ன அந்த ஒரு தப்புக் கணக்குதான் அவர் போனபின் என்னிடம் தங்கியது.