எட்டுப் பாட்டு, ஒரே வேகம்

"இந்த டிரம்ஸை வாசித்தது மனுஷரா, மெஷினா?"

போன மாதம் பெங்களூரில், ஒரு ஸ்டூடியோவின் ஏசி அறையில் உட்கார்ந்திருந்த ஒருவர் இப்படிக் கேட்டார். கேட்டது கன்னடத்தில். ஓசூர்க்காரர்களுக்குக் கன்னடம் புரியாமல் போகுமா என்ன? என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்தருக்கு நன்றாகவே புரிந்தது. டிரம்ஸ் வாசித்தவள் அவள்தான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

பியூஸ் கட்டை — இது ஒரு பேண்டின் பெயர். மூன்று பையன்கள், கூட எஸ்தர். நாலு பேரும் ஓசூர் தொழிற்சாலைகளில் வெவ்வேறு லைனில் நிற்பவர்கள். பாட்டு எழுதுவதும் பாடுவதும் முனிராஜ். பர்கூர்க்காரன். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பாட்டு மட்டும் தமிழ். வாசிப்பது ஹார்ட் ராக். அப்படியென்றால் என்ன என்று கேட்கிறீர்களா? கிட்டார் கத்தும். பாடுகிறவனும் கத்துவான். முதல் நாள் கேட்டபோது எனக்குத் தலைவலி வந்தது. இரண்டாவது வாரம் சாம்பாருக்குத் தாளிக்கும்போது அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்... வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் பிரஸ் ஷாப்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் அடிக்கடி புலம்பியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு — அச்சகம் இல்லை. தகட்டை அமுக்கி பைக்குக்கு பிராக்கெட் அடிக்கிற பிரஸ். தகட்டுச் சுருளை ஒரு பக்கம் மாட்டினால் போதும், அதுவாக இழுத்து, அதுவாக அடித்துக்கொண்டே இருக்கும். டம்... டம்... டம். அந்தச் சத்தத்துக்குப் பயந்து பக்கத்து ஷெட்டுக்கு ஆளே வரவில்லை. பூட்டிக் கிடந்த அந்த ஷெட்டைத்தான் பியூஸ் கட்டை வாடகைக்கு எடுத்தது. சத்தத்துக்குப் பயப்படாத ஒரே கூட்டம்.

நாலு பேரும் ஷிஃப்ட் மாற்றி, கெஞ்சி, ஆள் பிடித்து, எப்படியோ ஒரே சமயத்தில் இரண்டாவது ஷிஃப்ட் வாங்கினார்கள். காலையில் ஷெட்டில் ரெக்கார்டிங், சாப்பாட்டுக்கு அப்புறம் கம்பெனி பஸ். அப்படி உருவான முதல் ஆல்பத்துக்குப் பெயர் 'செகண்ட் ஷிஃப்ட்'. எட்டுப் பாட்டு.

எஸ்தர் டிரம்ஸ் பழகியது சர்ச் பாடகர் குழுவில். கல்லாவிப் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் குடிவந்த குடும்பம். அவள் அம்மாவுக்கு இந்த ராக் விவகாரம் துளியும் பிடிக்கவில்லை. "ஆண்டவருக்கு வாசிக்கிற கையி... இந்தக் கூச்சலுக்கு எதுக்கு வாசிக்கணும்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். ஒரு நாள்கூட ஷெட் பக்கம் வந்ததில்லை.

பெங்களூரில் ஒரு சின்ன மியூசிக் கம்பெனி, பாட்டுகளைக் கேட்டுவிட்டு நேரில் கூப்பிட்டது. பசங்களுக்குக் கால் தரையில் இல்லை. என்னிடம் கார் இருக்கிறது, அதனால் நான் மேனேஜர் ஆனேன்.

கம்பெனிக்காரர் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார். முனிராஜின் குரல் பிரமாதம் என்றார். அட்டைப்படத்துக்குக்கூட யோசித்து வைத்திருந்தார். நாலு பேரும் பாக்டரி யூனிஃபார்மில், முகத்தில் கொஞ்சம் கிரீஸ், பின்னால் வெல்டிங் பொறி பறக்க... "ஓசூர் பசங்கள்னா அதுதானே அடையாளம்" என்றார். எஸ்தர் வேலை செய்வது சர்க்யூட் போர்டு லைனில். அங்கே செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டுப் போகவேண்டும். கிரீஸுக்கு எங்கே போவாள்?

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. மனுஷரா, மெஷினா?

கம்ப்யூட்டரில் காட்டினார். எட்டுப் பாட்டும் ஒரே வேகம். கோபப் பாட்டு, காதல் பாட்டு, செத்துப்போன நண்பனைப் பற்றிய பாட்டு... எல்லாம் ஒன்று. ஐந்தாவது பாட்டில் மட்டும் நடுவில் தடுமாறி, வேகம் ஓடி, மறுபடி பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. "அடியில் ஏதோ இடிக்கிற சத்தம் வேறு கேட்கிறதே, என்ன அது?" என்றார்.

நான் எஸ்தரைப் பார்த்தேன். எஸ்தர் என்னைப் பார்த்தாள்.

எங்கள் பிரஸ்!

ரெக்கார்டிங்கின்போது டிரம்ஸ் வாசிப்பவர் ஹெட்ஃபோனில் டிக் டிக் என்று தாளம் கேட்டுக்கொண்டே வாசிப்பதுதான் வழக்கமாம். எஸ்தர் அதைக் கழற்றி வைத்துவிட்டாள். "எதுக்குங்க அது, தரையே சொல்லுதே" என்றாளாம். எட்டுப் பாட்டுக்கும் தாளம் போட்டது எங்கள் வீட்டு பிரஸ். ஐந்தாவது பாட்டின் நடுவில் தகட்டுச் சுருள் தீர்ந்துபோக, எங்கள் ஆள் மெஷினை நிறுத்தி, புதுச் சுருள் மாட்டியிருக்கிறான். பாவம், அந்த இடத்தில் பெண் தவித்துப்போயிருக்கிறாள்.

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக்கூடாத இடம் அது.

கம்பெனிக்காரர் சிரிக்கவில்லை. அவர் வழி சொன்னார். பெங்களூரில் நல்ல டிரம்மர் ஒருவர் இருக்கிறார். எஸ்தர் வாசித்ததை எல்லாம் எடுத்துவிட்டு அவர் புதிதாக வாசிப்பார். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். ஆல்பம் உடனே வெளிவரும். போட்டோவில் எஸ்தர் கட்டாயம் இருக்கவேண்டும், டிரம்ஸ் வாசிக்கிற பெண் என்றால் எல்லோரும் பார்ப்பார்கள்.

கேட்டீர்களா கதையை? போட்டோவில் அவள். பாட்டில் வேறு ஆள்.

"வேற பாட்டுக்கு வேற வேகத்துல நானே திரும்ப வாசிச்சுத் தர்றேன் சார்" என்று எஸ்தர் கேட்டாள். நேரமில்லை என்று சொல்லிவிட்டார். பழகாத கையோடு மெனக்கெட முடியாதாம்.

வெளியே வராந்தாவில் நின்றோம். முனிராஜுக்கு முகம் வெளுத்திருந்தது. பர்கூரிலிருந்து ஓசூர் வந்த நாளிலிருந்து அவன் கண்ட ஒரே கனவு இது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

"நீ என்னா சொல்ற எஸ்தரு?" என்றான்.

"எங்கிட்ட கேக்காத முனி. வேணாம்னு சொன்னா, என்னால போச்சுன்னு ஆயிடும். சரின்னு சொன்னா அது பொய்யி. நீங்க மூணு பேருமே சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மற்ற இரண்டு பையன்களும் தலையை ஆட்டினார்கள், வேண்டாம் என்று.  முனிராஜ் உள்ளே போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், வாசிச்சது அவதான். அவ இல்லாத பேண்டு வேணும்னா வேற யாரையாச்சும் பாத்துக்குங்க." கன்னடம் வரும் அவனுக்கு. ஆனாலும் தமிழில்தான் சொன்னான்.

அவருக்கும் தமிழ் புரிந்தது. "நல்லா யோசிப்பா. இந்த மாதிரி சான்ஸ் திரும்ப வராது."

"வர வேணாங்க சார்."

எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது. மேனேஜர் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

ஊர் திரும்பும் வழியில், அத்திப்பள்ளியில் வழக்கம்போல வண்டிகள் நகரவில்லை. பின்சீட்டில் முனிராஜ், "பயமா இருக்குதுக்கா. இனி யாருமே கூப்புட மாட்டாங்களோ?" என்றான். மாட்டார்களாக இருக்கலாம். அப்படியே சொன்னேன். எஸ்தர்தான் ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள்: "ஒரே வேகத்துல அடிச்சது தப்புதான்க்கா. ஆனா என் தப்பு. அதை எடுத்துட்டு அடுத்தவங்களோட சரியை வெக்கறதுக்கு அவர் யாரு?"

எனக்கு அந்தக் கம்பெனிக்காரர் மேல் மட்டும் கோபமில்லை. ஓசூர் என்றால் எல்லோருக்குமே இப்படித்தான். எங்கள் யூனிஃபார்ம் வேண்டும், பொறி பறக்கிற படம் வேண்டும், 'உழைக்கும் கைகள்' என்று தலைப்புப் போட நாங்கள் வேண்டும். அந்தக் கை அடிக்கிற சத்தம் மட்டும் காதில் விழக்கூடாது. ஏன் விழக்கூடாது? பகலெல்லாம் அந்தச் சத்தத்தோடுதான் நாங்கள் குழந்தை பெறுகிறோம், கடன் வாங்குகிறோம், காதலிக்கிறோம். பாட்டு மட்டும் அமைதியான ஊரில் பிறந்த மாதிரி இருக்கவேண்டுமா?

'செகண்ட் ஷிஃப்ட்' போன வாரம் வெளிவந்துவிட்டது. அவர்களே இன்டர்நெட்டில் ஏற்றினார்கள். எதையும் மாற்றவில்லை. ஐந்தாவது பாட்டின் தடுமாற்றமும் அப்படியே. அட்டைப்படத்தில் நாலு பேரும் கல்யாணத்துக்குப் போகிற உடுப்பில் நிற்கிறார்கள். கேட்டவர்கள் அதிகமில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். கேட்டவர்களில் சிலர் என்னைப் போலத் தலைவலி என்றும் சொன்னார்கள். பொறுங்கள், இரண்டாவது வாரம் வரட்டும்.

போன ஞாயிறு எஸ்தர் வீட்டில் ஜெபக் கூட்டம். முடிந்ததும் டீ குடிக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வந்திருந்த ஒரு அம்மாள், பிஸ்கட்டைத் தோய்த்தபடி எஸ்தரின் அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தார்: "பெங்களூர் கம்பெனில உங்க பொண்ணு வாசிச்சதை வேணாம்னுட்டாங்களாமே? கேட்டு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க."

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா என்ன சொல்வாரோ என்று எனக்கே திக்கென்றது. அன்றுவரை அந்த ஆல்பத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

டீத் தட்டைக் கீழே வைத்தார். நிமிர்ந்தார்.

"அவங்க என்னாங்க வேணாம்னு சொல்றது? நாங்கதான் குடுக்கல."

மூலையிலிருந்து யாரோ, பழக்கதோஷத்தில், "ஸ்தோத்திரம்" என்றார்கள்.