ஒரு யூனிட் குறைகிறது

சூரியன் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் எரிக்கிறது என்பது இந்த உலகத்தில் பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ராத்திரி அணைத்துவிடுவதால் பாதி மிச்சம் என்பதும் தெரியும். காலை ஆறு மணிக்கு ஸ்டூல் போட்டு மீட்டர் பெட்டிக்கு முன்னால் ஏறி நிற்பார். முதலில் உதடு ஒரு எண்ணைச் சொல்லும். பிறகுதான் கண் மீட்டரைப் பார்க்கும். இரண்டும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும்.

ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பவர்களை அவர் மன்னித்ததே இல்லை. "வெளிய நின்னு யோசிச்சா இலவசம்டி. கதவ மூடு." பக்கத்து வீட்டு டிரைவர் பில்லை நீட்டினால் ஒரு பார்வைதான். "மோட்டாரப் போட்டுட்டுத் தூங்கியிருக்கீங்க தம்பி. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள்." டிரைவர் தலையைச் சொறிவார்.

இத்தனை சாமர்த்தியத்துக்கும் அடியில் இருப்பது பயம். உள் அறையில் பெரியப்பாவுக்கு மூச்சுக்காற்று கொடுக்கும் மிஷின் ராப்பகலாக ஓடுகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு யூனிட். வீடு மொத்தமும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. அதற்கு மேல் போனால் விலை ஏறும்; கட்ட முடியாவிட்டால் ஒயரைப் பிடுங்குவார்கள்; ஒயர் போனால் மிஷின் நிற்கும். அதற்கு மேல் பெரியம்மா கணக்குப் போடமாட்டார்.

போன செவ்வாய்க்கிழமை உதடு பன்னிரண்டு என்றது. மீட்டர் பதினொன்று என்றது. நான்கு நாளும் அதே கதை.

"குறைஞ்சா நல்லதுதானேக்கா," என்றார் டிரைவர்.

பெரியம்மா ஸ்டூலில் நின்றபடியே விரல்விட்டு எண்ணினார். ஃபிரிட்ஜ் ஓடுகிறது. விசிறி ஓடுகிறது. பிறகு எது ஓடவில்லை? பள்ளிக்கூட கேன்டீனில் அவர் தட்டுக் கழுவுவது பதினொன்றிலிருந்து இரண்டு வரை. மூன்று மணி நேரம்.

வெள்ளிக்கிழமை பாதித் தட்டில் கையை உதறிவிட்டு ஓடிவந்தார். பெரியப்பாவுக்குத் துணையாக வீட்டில் இருந்தது பெரியம்மாவின் தங்கை மகள். இதை எழுதுகிறவளும் அவள்தான். வாசற்கதவு கிரீச்சிட்டதும் பாய்ந்து சுவிட்சைப் போட்டாள். மிஷின் உறுமியது. "செலவு கொஞ்சம் குறையட்டும் கண்ணு, பெரியம்மாகிட்ட மூச்சு விடாத," என்று நாலு நாளாகக் கெஞ்சி அதை நிறுத்தச் சொன்ன பெரியப்பா, குழாயை மூக்கில் சொருகிக்கொண்டு தூங்குவதாக நடித்தார். உதட்டில் லேசாக நீலம்.

"என்ன பெரியம்மா, சீக்கிரம் வந்துட்டீங்க? காலைலேர்ந்து நல்லாத்தான் ஓடுது," என்றாள் இவள், வாய்க்குள் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் மாதிரி.

பெரியம்மா குனிந்து மிஷினின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு அதே கையை இவள் பிடரியில் வைத்தார்.

"மிஷின் ஜில்லுன்னு இருக்கு. உனக்குத்தாண்டி வேர்க்குது."

சொல்லிவிட்டும் கையை எடுக்கவில்லை.