மூக்குக்குத் தெரியாத ஆயில்

தொண்ணூறுகளின் கடைசி. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் டிரைவராக இருந்தேன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் தோல் ஷாப் என்றுதான் சொல்வோம். அதற்கு முன் அதே ஷாப்பில் பல வருடம் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. முடி கழல்வதற்காகப் பச்சைத் தோலைச் சுண்ணாம்பும் மருந்தும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டுப் புரட்டி எடுக்க வேண்டும். கை கால் வெந்து புண்ணாகும். மூச்சும் இழுக்க ஆரம்பித்தது. இனி தொட்டிப் பக்கம் போனால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். லைசென்ஸ் இருந்ததால் முதலாளி வண்டியைக் கொடுத்தார்.

வெளிநாட்டில் செய்த பழைய பிக்கப். மெட்ராஸில் ஏலத்தில் எடுத்தது. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். இடது காலுக்கு வேலை இல்லாததால் ஷாப்பில் அதற்கு நொண்டி வண்டி என்று பெயர்.

ஒரு மழைக்காலத்தில் அது மேடு ஏற மறுத்தது. ஈரத்தோல் ஏற்றிக்கொண்டு பேரணாம்பட்டிலிருந்து வருகிறேன். இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபக்காரர் இல்லை.

"ஓடற வரைக்கும் ஓட்டுப்பா. நின்னுச்சுன்னா காயலாங்கடைல போட்றலாம். உனக்கு இன்னா, தொட்டி வேல இருக்கவே இருக்கு."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

லாரி மெக்கானிக் ஒருவன் எனக்கு தோஸ்த். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான்.

"ஆயில் தண்ணி மாதிரி இருக்குது மாமு. அதான் கியர் வழுக்குது. கெட்டியா தொண்ணூறு நம்பர் கியர் ஆயில் ஊத்து, கப்புனு புடிச்சுக்கும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. லாரிக்கு அதைத்தான் ஊற்றுவோம். வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் வீட்டு வாசலில் வைத்து டின்னைத் திறந்தேன்.

என் மனைவி ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். அரிசி களைந்துகொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

"இன்னாங்க இது, தொட்டி வாடை அடிக்குது?"

"கியர் ஆயிலு."

"வண்டி உள்ள இருக்கறதும் இதேவா?"

ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, துணியில் துடைத்துக் கொடுத்தேன். முகர்ந்தாள்.

"இது வேறங்க. டின்ல இருக்கறது அழுகின முட்ட. இது கருகிப்போன வெல்லப்பாகு."

நானும் துணியை முகர்ந்தேன். டின்னை முகர்ந்தேன். எதிலும் ஒன்றும் இல்லை. மறுபடியும் முகர்ந்தேன்.

"உங்களுக்குத் தெரியாது, உடுங்க" என்றாள்.

"தெரியாதுன்னா?"

"மூக்கு போயி எவ்ளோ வருசம் ஆவுது. திரிஞ்ச பால்ல காப்பி போட்டுக் குடிக்கிறீங்க. அன்னிக்கு ஸ்டவ்ல மண்ணெண்ண ஒழுவிக்கினு இருக்குது, பக்கத்துல குந்திக்கினு பீடி பத்த வைக்கறீங்க. தீப்பெட்டியப் புடுங்கினேனே, இன்னாத்துக்குன்னு நெனச்சீங்க?"

"பீடி குடிக்கக் கூடாதுன்னு."

"அதுவும்தான்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே தொட்டிய உட்டுட்டு வந்திருப்பீங்களா?"

டின்னை மூடினேன்.

கம்பியின் தலையில் ஏதோ எழுத்து குத்தியிருந்தது. எனக்கு இங்கிலீஷ் வராது. அவள் சேலை முனையால் துடைத்து ஏ, டி, எஃப் என்று எழுத்துக் கூட்டினாள். கம்பியையே கடைக்கு எடுத்துப் போகச் சொன்னாள். பேப்பரில் சுற்றி வேலூர் பஸ் ஏறினேன். கண்டக்டர், "இன்னாய்யா, கத்தியா?" என்றார்.

ஆயில் கடைக்காரர் கம்பியைப் பார்த்துச் சிரித்தார்.

"கியர் ஆயில்னு கேட்டா எவனும் இதத் தர மாட்டான்பா. இங்க இதுக்குப் பேரு ஸ்டீயரிங் ஆயிலு."

தானாக மாறும் கியருக்கு ஊற்றுவதுதான், இங்கே பவர் ஸ்டீயரிங் வைத்த வண்டிகளுக்கு விற்பதாம். செக்கச் சிவப்பு, தண்ணீர் மாதிரி. தொண்ணூறு ஊற்றியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"உள்ள எல்லாம் ஊசி ஓட்டை. அந்தக் கெட்டி ஆயிலு போவுமா? அத்தோட முடிஞ்சுது."

மாற்றினாலும் பிடிக்குமென்று உறுதி இல்லை என்றார். கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றிப் பார், இரும்புத் துகள் பளபளத்தால் கியர் தேய்ந்துவிட்டது, அப்படியே மூடிவிடு, கரி மாதிரி இருந்தால் ஊற்றிப் பார். ஒரே தடவையில் பழைய ஆயில் முழுக்க இறங்காது, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்று. இதெல்லாம் அவர் சொன்னது.

தட்டைக் கழற்றினேன். மை மாதிரி கறுப்பு. துகள் இல்லை. ஆனால் ஆயில் கசியாமல் இருக்கத் தட்டின் விளிம்பில் வைக்கும் பாக்கிங் கிழிந்துவிட்டது. அந்த வண்டிக்கு எங்கும் கிடைக்காது. அவள் ஷூவுக்குள் வைக்கிற கார்க் ஷீட் வாங்கி வந்தாள். தட்டை அதன்மேல் கவிழ்த்து, எண்ணெய் பதிந்த கோட்டிலேயே வெட்டினாள். போல்ட் ஓட்டைகளைத் தோலில் ஓட்டை போடும் பஞ்ச் உளியால் குத்தினாள். மாட்டினேன். ஒரு சொட்டு கசியவில்லை.

இரண்டாம் முறையும் மாற்றிய பிறகு, ஈரத்தோல் ஏற்றிக்கொண்டு அதே மேட்டுக்குப் போனேன். பாதியில் இன்ஜின் சத்தம் ஏறியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. வண்டி ஒரு உதறு உதறிப் பிடித்துக்கொண்டது. மேலே போய் ஓரம் கட்டி, இறங்கி வண்டிக்கு அடியில் ஆயில் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

முதலாளியிடம், "ஓடுது பாய்" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

அந்த வண்டி இன்னும் பல வருடம் ஓடியது. அது நின்றபோது வேறு வண்டி கொடுத்தார். நான் தொட்டிக்குத் திரும்பவில்லை. மூக்கும் திரும்பி வரவில்லை. எனக்கே தெரியாமல் என் பங்கையும் சேர்த்து ஒருத்தி இத்தனை வருடம் முகர்ந்துகொண்டிருந்தாள் என்று நினைத்தால், இன்றைக்கும் அவளிடம் குரலை உயர்த்த எனக்கு வருவதில்லை.