மச்சினன் பிடிக்கவேண்டிய குழாய்

தருவைகுளத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா எனக்குத் தூரத்து உறவு, என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். தூத்துக்குடியிலிருந்து காலை பஸ்ஸிலேயே போய்விட்டேன். முட்டுவலி வந்தபிறகு நான் அதிகம் வெளியே போவதில்லை. போனால் நல்ல சேலை கட்டிக்கொண்டு கோயிலில் முன் பெஞ்சில்தான் உட்காருவேன். அதற்காகவே சீக்கிரம் போவேன்.

பூசைக்கு நேரம் இருந்ததால் கல்யாண வீட்டுக்குப் போய்ப் பெண்ணைப் பார்த்தேன். கருத்த பிள்ளை அது. இந்தக் காலத்தில் கருத்த பெண்களுக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மாவை அப்பி நிறுத்திவிடுகிறார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று இருக்கும். இவளுக்கு அப்படி இல்லை. அவள் நிறம் அவளிடமே இருந்தது. கண்தான் பெரிதாகியிருந்தது. கன்னத்தில் விளக்கு ஏற்றி வைத்ததுபோல ஒரு மினுக்கம். வாசலில் நின்று கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தேன். பிறகு அவள் அம்மாவைக் கூப்பிட்டேன்.

“ஏளா, பொண்ணு சோடிச்சது யாரு? அவ கைக்கு ஒரு வளையல் செஞ்சு போடலாம்ளா.”

“என்ன சித்தி, தெரியாத மாதிரி கேக்கிய? ஒங்க மகன்தான்.”

“எந்த மகன்?”

“ஒங்களுக்கு எத்தன மகன்?” என்று அவள் சிரித்தாள்.

எனக்கு ஒரே மகன். அவன் அந்த நேரத்தில் நடுக்கடலில் இருக்கவேண்டியவன்.

எங்கள் வீட்டு ஆண்கள் சங்கு குளிக்கிறவர்கள். முன்னே முத்துச்சிப்பி எடுத்த கடல், இப்போது சங்கு. அடியில் இறங்குகிறவனுக்கு மேலே வள்ளத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் இடுப்பில் கட்டிய கயிற்றை அந்த ஆள் பிடித்திருப்பான். இப்போது கம்ப்ரசர் மிஷினிலிருந்து வாய்க்குக் காற்றுப் போகிற குழாயைப் பிடிக்கிறான். குழாய் மடங்கினாலோ மிஷின் நின்றாலோ கீழே இருப்பவனுக்கு மூச்சு இல்லை. அதனால் அதைக் கண்டவன் கையில் கொடுப்பதில்லை. பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் பிடிக்கவேண்டும். சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்புவதில்லை. அண்ணன் போனால் தம்பிக்குச் சொத்தில் பங்கு கூடும். மச்சான் போனால் அக்காள் தாலியறுத்துப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தம்பி வாசலில்தான் வந்து நிற்பாள். அந்தப் பயத்தில் மச்சினன் கண் அசராது என்று முன்னோர்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

என் புருஷனுக்கு என் தம்பி பிடித்தான். என் புருஷன் செத்தது வீட்டில், கட்டிலில், பங்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசிய பிறகு. சங்கு குளிக்கிறவனைக் கட்டியவளுக்கு அதைவிட என்ன பெருமை வேண்டும்? எங்கள் தெருவில் நான் யாருக்கும் தலை குனிந்ததில்லை. மகளையும் சங்கு குளிக்கிறவருக்கே கொடுத்தேன். மருமகனுக்கு என் மகன் குழாய் பிடிக்கிறான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வேன். அன்று விடியுமுன் தூக்குச்சட்டியில் பழைய சோறு போட்டு அவன் கையில் கொடுத்து அனுப்பியதும் நான்தான்.

பெண் இருந்த அறைக்குள் போனேன். பெண்ணின் தலையில் வைத்த வெள்ளை நெட் துணியைச் சரிசெய்துகொண்டு ஒருத்தன் முதுகைக் காட்டி நின்றான். அந்த முதுகை எனக்குத் தெரியாதா? பக்கத்து ஸ்டூலில் பிரஷும் டப்பாவுமாகப் பெட்டி திறந்து கிடந்தது. அதற்குக் கீழே நான் கொடுத்த தூக்குச்சட்டி.

“ஏலே.”

திரும்பினான். வாயில் ஊசிகளைக் கடித்திருந்தான். அந்த வாயோடு ஒன்றும் பேச முடியவில்லை.

“ஒன் மச்சான் எங்கலே?”

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். “கடலுக்குப் போயிருக்காவ.”

“அப்ப குழாயை யாருலே பிடிக்கா?”

பெண் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்தாள். அழுதால் மை கரையும் என்று பயந்தாளோ என்னவோ, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

“எம்மா, சத்தம் போடாத. வீட்டுல வந்து சொல்லுதேன்.”

“யாருலே பிடிக்கா?”

“அக்கா.”

என் காதில் விழுந்தது. ஆனால் உள்ளே போகவில்லை. எங்கள் வள்ளங்களில் பெண் ஏறுவதில்லை. ஏறக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, ஏறுவதில்லை, அவ்வளவுதான். மகள் இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போவதாக என்னிடம் சொல்லியிருந்தாள். ஐஸுக்குள் நின்று இறால் உரிக்கிறவள் முகம் ஏன் இப்படி வெயிலில் கருகுகிறது என்று நான் கேட்டபோது, “பஸ் ஸ்டாப்புல நிக்கம்லா” என்றாள். நானும் நம்பினேன்.

முன் பெஞ்சும் வேண்டாம், கல்யாணச் சாப்பாடும் வேண்டாம் என்று வாசலுக்கு வந்து ஒரு ஆட்டோவில் ஏறினேன். சேலை முந்தானை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. அதையும் வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன். வழியெல்லாம் உப்பளம். உப்பு வெயிலில் மின்னி என் கண்ணைக் கூசவைத்தது. எனக்கு ஓடியதெல்லாம் ஒரே நினைப்பு. அவளுக்கு மிஷின் தெரியுமா? அவர் கீழிருந்து குழாயை இழுத்தால் அது என்ன சொல்கிறது என்று அவளுக்குப் புரியுமா? தலை சுற்றி அவளே கடலில் விழுந்தால் கீழே இருப்பவருக்கு யார்?

தூத்துக்குடியில் எங்கள் கரைக்குப் போனால் அங்கே வள்ளத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். சம்மாட்டி என்போம். வள்ளம் அவருடையது, ஆனால் அவர் கரைக்கு வருவது அபூர்வம். அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறி பிடித்தவர்போல நடந்துகொண்டிருந்தார்.

“நீயும் இன்னைக்குத்தான் கேள்விப்பட்டியா?” என்றார் என்னைப் பார்த்ததும்.

“எத்தன நாளா அண்ணாச்சி நடக்கு இது?”

“போன மாசம் சீசன் தொடங்கினதுல இருந்தாம். வள்ளத்துல மத்த குளியாளுக இருக்கானுவ, அவனுவ மச்சினனுவ இருக்கானுவ. ஒருத்தன் வாய் தொறக்கல பாரு. இன்னைக்கு டீக்கடைக்காரன் சொல்லித் தெரியுது, என் வள்ளத்துல பொம்பள போறாளாம்!”

ஊருக்கெல்லாம் தெரிந்து, தெரியாமல் இருந்தது அவருக்கும் எனக்கும் மட்டும்தான். அந்த மனுஷனோடு எனக்கு அதற்கு முன் பெரிய பேச்சு கிடையாது. அன்றைக்கு இருவரும் ஒரே படகு நிழலில் குந்தி, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் நின்றன. ஒரு கப்பல் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று தெரியாதபடி நின்றது. நான் வாய்க்குள் செபமாலை சொன்னேன். பாதியில் எந்த மணியில் இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

வள்ளம் கண்ணில் பட்டதும் எழுந்தேன். முட்டு வலித்ததா இல்லையா என்று இப்போது நினைவில்லை. முதலில் மருமகன் தலையைத் தேடினேன். இருந்தது. ஈரத் தலையோடு, பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அப்புறம் மகளைப் பார்த்தேன். நைட்டிக்கு மேலே புருஷனின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நின்றபடியே குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கைக்கும் முழங்கைக்குமாக, ஒவ்வொரு சுற்றையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துப் பார்த்துச் சுற்றினாள். எங்காவது மடிப்பு இருக்கிறதா என்று தேடுகிற விரல் அது. வள்ளம் அலையில் ஆடியது. அவள் ஆடவில்லை.

சம்மாட்டி தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டார். “எறங்குளா! எறங்கு மொதல்ல! ஏலே, ஒனக்கு மூளை இருக்கா? பொண்டாட்டிய இட்டுக்கிட்டு வாரியே, இது என்ன பீச்சா?”

மருமகன் இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் பீடியைத் தண்ணீரில் போட்டுவிட்டார். “மாமி, நீங்க இங்கன எப்படி?”

“ஒங்க உசுரு இருக்கான்னு பாக்க வந்தேன்” என்றேன்.

மகளும் இறங்கினாள். அவள்தான் நடந்ததைச் சொன்னாள். போன சீசனில் ஒரு நாள் என் மகன் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். மழைக்கு முந்தி வானம் ஒரு மாதிரி நிறத்தில் இருந்ததாம். குழாய் மிஷினுக்கு அடியில் மடங்கிக் கிடந்திருக்கிறது. மருமகன் மூக்கில் ரத்தத்தோடு மேலே வந்தார். என்னிடம் சொல்லவேண்டாம் என்று மூவரும் பேசி வைத்துக்கொண்டார்களாம்.

“அவன் கெட்டவன் இல்லம்மா. அவனுக்குக் கண்ணு நெறத்துல போயிரும். நான் ஏசி ஏசிப் பாத்தேன், அவன் மாறல. அன்னைக்குத் தம்பியே அழுதுக்கிட்டுச் சொன்னான், அக்கா, மச்சான் உசுரு என் கையில வேண்டாம்னு.”

எனக்கு அப்போது பாஸ்கு நினைவுக்கு வந்தது. பெரிய வெள்ளிக்கு எங்கள் ஊரில் பாடுகளின் நாடகம் போடுவார்கள். கர்த்தர் வேஷக்காரனுக்கு முதுகில் சாட்டையடிக் காயம் வரைவது வருஷா வருஷம் என் மகன்தான். அதைப் பார்த்து நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். சாயம் என்று தெரிந்தும் அழுதிருக்கிறேன். அந்தக் கையை மிஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தோம்.

சம்மாட்டிக்கு இந்தக் கதையெல்லாம் கேட்கப் பொறுமை இல்லை. “நான் முடிவாச் சொல்லுதேன். நாளைக்கு மச்சினன் வந்தா வள்ளம். இல்லாட்டி இவனுக்கு என் வள்ளத்துல எடம் இல்ல. பெரிய மனுஷி நீயே சொல்லு ஒன் மகள்ட்ட.”

நானும் அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். ஆட்டோவில் வரும்போது எந்தெந்த வார்த்தையால் ஏசவேண்டும் என்றுகூடச் சேர்த்துவைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

“அண்ணாச்சி, மச்சினன எதுக்குப் பிடிக்க வச்சாங்க?”

“என்னது?”

“அக்கா அறுத்துட்டு நிக்கக்கூடாதுன்னுதான? அறுக்கப் போறவளே இங்கன நிக்கா. அவ புருஷன் குழாயை அவ பிடிக்கா. அவளுக்கு மிஞ்சின பயம் யாருக்கு வே இருக்கு?”

சொல்லி முடித்தபிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது. மகள் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தாள். வள்ளத்திலிருந்த மற்ற குளியாள் ஒருவன், “அப்படிப் போடு ஆத்தா!” என்று கத்தினான். பெண் வள்ளத்தில் ஏறலாம் என்று என் வாயால், கரையில் வைத்து, இத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால் சொல்லிவிட்டேன்.

சம்மாட்டி மருமகன் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுலே. இவ பிடிச்சா ஒனக்குச் சரிப்படுமா?”

“சரிப்படுது அண்ணாச்சி, ஆனா ஒரே தொந்தரவு. கொஞ்சம் கூட நேரம் கீழ நிக்க விட மாட்டா. நல்ல சங்கு கண்ணுல பட்டு கைய நீட்டும்போது மேல இருந்து இழுத்துருவா.”

“வீட்டுலயும் அப்படித்தான்” என்றான் அந்தக் குளியாள். கரையில் எல்லாரும் சிரித்தார்கள். சம்மாட்டிக்கும் உதடு கோணியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “ஞாயித்துக்கிழம சாமியார்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்று வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். சாமியாரிடம் கேட்டாரா, இல்லையா, தெரியாது. திங்கட்கிழமை வள்ளம் போனது. மகளும் போனாள்.

அன்றைக்குச் சம்மாட்டி போன பிறகு என் மகன் பைக்கில் வந்து சேர்ந்தான். பின்னால் அந்தப் பெட்டி கட்டியிருந்தது. தூரத்திலேயே நிறுத்திவிட்டு, நான் அடிக்க எட்டாத இடத்தில் நின்றான்.

“சோத்தத் தின்னியாலே?” என்றேன். வேறு எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“இல்லம்மா. பொண்ணு வீட்டுல பிரியாணி போட்டாவ.” பிறகு மெல்லச் சொன்னான்: “பொண்ண ஒனக்குப் பிடிச்சிருந்துதாம்லா? கைக்கு வளையல் செஞ்சு போடணும்னு சொன்னியாம்?”

“பொம்பள கைன்னு நெனச்சுச் சொன்னேன்.”

“வாச்சு போதும்மா” என்றான் கழுதை.

அவனை அன்றைக்கு அடிக்கவில்லை. அடிப்பதற்குக் கையைத் தூக்கக்கூட வலு இல்லை. வீட்டுக்கு வந்து கிழிந்த முந்தானையோடு அப்படியே படுத்துவிட்டேன். கண்ணை மூடினால் வள்ளத்தில் ஆடாமல் நின்ற மகள் வந்தாள். கல்யாணப் பெண்ணின் கன்னத்து மினுக்கமும் வந்தது. அவளையும் அதைச் செய்தவனையும் பெற்றவள் நான். இரண்டு பேரையும் நான்தான் இடம் மாற்றி வைத்திருந்தேன் என்பது அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை. திகில்தான் இருந்தது. இப்போதும் வள்ளம் வருகிற நேரம் ஆனால் அந்தத் திகில் வரும். சிலுவை நிற்கிற குருசடியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுக் கரைக்குப் போய் மருமகன் தலையை முதலில் தேடுவேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் முட்டுக்கு ஊசி போடப் போயிருந்தேன். பக்கத்தில் இருந்த ஓட்டப்பிடாரத்துக்காரி, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள்.

“மகன் கல்யாணப் பொண்ணு சோடிக்கான். மகள் சங்கு குளிக்க வள்ளத்துல போறா, குழாய் பிடிக்கா.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மாத்திச் சொல்லுதியளே, பெரியம்மா.”

“இல்லளா” என்றேன். “இப்பத்தான் சரியாச் சொல்லுதேன்.”

அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள். தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன்.