தாலி என் மடியில், மணவறை கொட்டாஞ்சேனையில்

தம்பியின் கல்யாணம் கொழும்பின் வடக்கே, கொட்டாஞ்சேனையில். யாழ்ப்பாணத்திலிருந்து போன நாங்கள், வழக்கம்போல நகரின் தெற்குக் கோடியில், வெள்ளவத்தையில்தான் அறை எடுத்தோம். "அங்கதான் எங்கட சனம், எங்கட சாப்பாடு" என்றார் கணவர்.

கல்யாணத்தன்று காலை, புறக்கோட்டையில் சாமான் இறக்கும் லொறிகளுக்குப் பின்னால் எங்கள் வான் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அக்கா என்பதால் தாலிக்கொடி என் பொறுப்பு, மடியில் வைத்திருந்தேன். தம்பி போன் எடுத்தான். "அக்கா, எங்க நிக்கிறியள்? ஐயர் நேரத்தைப் பாக்கிறார்."

இறங்கி, கூட்டத்துக்குள் பட்டுச்சேலையோடு ஓடி, லொறிகளைத் தாண்டி ஓட்டோ பிடித்தேன். முகூர்த்தம் முடியுமுன் ஒருவாறு போய்ச் சேர்ந்தேன்.

இப்போதெல்லாம் கொழும்புக்குப் போனால், காலையில் போகவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில்தான் அறை எடுக்கிறேன். இவர் இன்னமும் வெள்ளவத்தை என்றுதான் தொடங்குவார். வாதாட எனக்குத் தெம்பில்லை. தாலி கட்டும் படத்தை எடுத்து நீட்டுவேன். அதில் வியர்த்து, தலை கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவள் நான்.