இலை லாரியில் ஏறிப் போன நாய்

தேயிலை விலை விழுந்த வருசங்களைப் பற்றி எங்கள் பக்கம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஃபேக்டரி பூட்டியதைச் சொல்வார்கள். பாதி ஊர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறினதைச் சொல்வார்கள். எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது ஒரு நாய்தான்.

நீலகிரியில் கட்டபெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ரோடு வளைகிற இடத்தில் என் பெட்டிக்கடை இருந்தது. கடைக்குக் கீழே ஒரே வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு கால் ஏக்கரோ அரை ஏக்கரோ தேயிலை. அந்த நாய் யாருடையது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. ஒரு வீட்டில் காலையில் பழைய சோறு, இன்னொரு வீட்டில் மத்தியானம் கருவாட்டுத் தலை. ஆளுக்கொரு பேர் வைத்திருந்தோம், எந்தப் பேரைச் சொன்னாலும் வந்து நிற்கும். "ஓட்டு கேக்க வர்றவன் மாதிரி ஒரு ஊட்டையும் உடாது" என்பார் என் வீட்டுக்காரர்.

அதற்கு உயிர் என்றால் இலை லாரி. நாங்கள் பறித்த பச்சை இலையை எடை போட்டு ஃபேக்டரிக்கு ஏற்றிப் போகிற லாரி. வளைவில் சத்தம் கேட்டதும் பிய்த்துக்கொண்டு ஓடும், டிரைவர் ஒரு வர்க்கி பிஸ்கட்டை எடுத்து வீசுவார். மூட்டை ஏற்றி முடிகிற வரைக்கும் இதுவும் பின்னால் தாவி ஏறி, சூப்பர்வைசர் மாதிரி மூட்டை மேல் உட்கார்ந்திருக்கும்.

விலை விழுந்ததும் லாரி நின்றது. வாங்க ஆள் இல்லாத கொழுந்தைப் பறித்து என்ன செய்வது? அப்படியே விட்டோம். வெட்டிக் கவாத்து பண்ணாத தேயிலை என்ன ஆகும் என்று கீழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இடுப்பளவு இருந்த செடி ஆள் உயரம் போய், மரமாகி, உள்ளே பகலிலேயே இருட்டு. அந்த இருட்டுக்குள் கரடி வந்தது, காட்டெருமை வந்தது. "நம்ம பாக்காத தோட்டத்தை அதுகளாவது பாக்குதுக" என்று சொல்லிச் சிரித்தோம். சிரிக்காமல் வேறென்ன செய்ய.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத்தான் அந்தச் சிரிப்பு வரவில்லை. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தில் பிறந்தவள். புருசன் திருப்பூரில். இவள் கேரட் கழுவுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆள் ஏற்றுகிற ஜீப் மேல் ரோட்டோடு போய்விடும், விடிகிற நேரத்தில் அந்தக் காடாய்ப் போன தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் ஏறித்தான் அதைப் பிடிக்க வேண்டும். ஒருநாள் விட்டால் மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அந்தப் பாதையில் அவளுக்கு முன்னால் போனது இந்த நாய்தான். நிற்கும், மோந்து பார்க்கும், குரைக்கும், வழி சுத்தம் என்று தெரிந்தால் நடக்கும். ஜீப் கிளம்பிய பிறகுதான் திரும்பி வரும்.

"கங்காணின்னா பின்னாடி நின்னு சத்தம் போடுவாரு. இது முன்னாடி போற கங்காணி, அக்கா" என்பாள்.

இப்படிப்பட்ட நாய் முட்டைக்காரரைக் கீழே தள்ளிவிட்டது. லாரி வராத ஏக்கமோ என்னவோ, எந்த வண்டி வந்தாலும் ஓடிப்போய்ப் பார்க்கிற பழக்கம் அதற்கு வந்திருந்தது. மொபெட்டில் முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டு வந்த மனுசன் வளைவில் சாய்ந்தார். முழங்கால் தேய்ந்தது, முட்டையெல்லாம் ரோட்டில். "கடிக்க வந்தாக்கூட ஒதைச்சுட்டுப் போயிருப்பேனுங்க. வாலை ஆட்டிட்டு வருது. எந்தப் பக்கம் ஒதுங்கறதுன்னே தெரியல" என்று என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அழாத குறையாகச் சொன்னார். பேரூராட்சியில் புகாரும் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கொஞ்ச நாளில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து சொன்னார்கள்: நாய் வளர்ப்பவர்கள் கட்டி வைக்கவும், வியாழக்கிழமை மத்தியானம் நாய் பிடிக்கிற வண்டி வரும்.

இலை எடை போடுகிற கொட்டகையின் சாவி பக்கத்து வீட்டுக்காரியிடம்தான் இருந்தது. லாரி வந்த காலத்தில் கொட்டகையைத் திறப்பதும் தராசை வெளியே எடுத்து வைப்பதும் அவள் வேலை. வியாழக்கிழமை கேரட் வேலை முடிந்து வந்ததும் நாயை அதற்குள் விட்டுப் பூட்டினாள். கயிறு போடவில்லை, போட்டால் கத்தி ஊரைக் கூட்டிவிடும். வந்து என் கடையில் நின்றுகொண்டு, "வண்டிக்காரங்க கேட்டா யாரும் வாயத் தொறக்காதீங்க. முக்கியமா நீங்க, அக்கா" என்றாள்.

அப்போதுதான் வளைவில் அந்தச் சத்தம். கியர் மாற்றும்போது கிழவர் மாதிரி இருமுகிற சத்தம். அந்த வரிசையில் அது தெரியாத காது கிடையாது.

"இலை லாரி! லாரி வந்துருச்சு!"

யார் முதலில் கத்தியது என்று ஞாபகம் இல்லை, நானாகவும் இருக்கலாம். ஃபேக்டரி திறந்துவிட்டார்கள், இலை எடுக்கிறார்கள் என்று எல்லோரும் ரோட்டுக்கு ஓடினோம். ஒரு கொழுந்துகூட இல்லாமல் வெறும் சாக்கை உதறிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. இவள் எங்கே ஓடினாள் என்கிறீர்கள்? கொட்டகைக்கு. இடுப்பில் இருந்த சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, தராசுக்குக் கை நீட்டிவிட்டாள். அவள் காலுக்கு இடையில் புகுந்து பறந்தது நாய்.

லாரி அதே லாரிதான். டிரைவரும் அவரேதான். பின்னால் மூட்டைக்குப் பதிலாக இரும்புக் கூண்டுகள் இருந்தன. எங்கள் நாய் ஒரே தாவில் ஏறி, பழைய இடத்தில் நேராக உட்கார்ந்துகொண்டது.

கையில் வலையோடு இறங்கிய ஆள் அதை அண்ணாந்து பார்த்தார். "இத்தனை வருசத்துல தானா வந்து ஏறின நாயை இப்பத்தாங்க பாக்குறேன்."

டிரைவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னங்க பண்றது? இலை இல்ல, வண்டியை சும்மா போட்டு வெக்க முடியுமா? வாடகைக்குக் கேட்டாங்க, ஓட்டுறேன்" என்று ஸ்டியரிங்கிடம் சொன்னார்.

அவள் கையில் சாவியோடு வந்து நின்றாள். "எறக்கி விடுங்கய்யா."

"புகார் இருக்குதுங்கம்மா. ஊசி போட்டு, ஆபரேசன் பண்ணி, இங்கயே கொண்டாந்து உட்டுருவோம்" என்றார் வலைக்காரர்.

"இந்த ஊரை உட்டுப் போனவங்கள்ல யாருங்க திரும்பி வந்தா, நாய் வர்றதுக்கு?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நாளைக்கு நான் எப்படிப் போவேன்?" என்று கேட்டாள் அவள்.

வலைக்காரருக்கு விளங்கவில்லை. "ஏனுங்க, பஸ் ஓடுதில்லீங்க?" என்றார் பாவம்.

எங்களுக்கு விளங்கியது. லாரி இருமிக்கொண்டே கிளம்பியது. நாய் எங்களை ரொம்பப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே போனது. பேச்சில்லாத இடம் எனக்கு ஆகாது, அதனால், "நான் கூட வர்றேன் அம்மிணி" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடிகாலை, ஸ்வெட்டரும் தலையில் மப்ளருமாகப் போய் நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மோந்து பாக்கத் தெரியுமா, அக்கா?"

"வாய் இருக்குதில்ல, நட."

சத்தம் கேட்டுக் கரடி ஒதுங்கட்டும் என்று அவள் டிபன் மூடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டு வந்தாள், நான் பேசிக்கொண்டே போனேன். கடைக்கு வருகிறவர்கள் சொன்னது, என் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்து போனது, எல்லாம். "நாய்கூட நடுநடுவுல நிறுத்தும்" என்பாள். ஆனால் இரண்டு மூன்று நாளில் அவளும் ஆரம்பித்தாள். கப்பலில் வந்த கதையை அவள் அம்மா எப்படிச் சொல்வாள் என்று தினம் கொஞ்சமாகச் சொன்னாள். அத்தனை வருசம் ஒரு சுவர் தள்ளி இருந்தும் அவளுக்கு இவ்வளவு பேச்சு இருந்தது எனக்குத் தெரியாது.

ஒரு காலையில் பாதை ஓரத்துத் தேயிலை அசைந்தது. காற்று இல்லை. கரடி வாடை என்று ஒன்று உண்டு, ஈரச் சாக்கும் அழுகின பழமும் சேர்ந்த மாதிரி. என் வாய் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு செடியைப் பார்த்துச் சண்டைக்குப் போகிற குரலில் ஆரம்பித்தாள்: "ஏய்! ஜீப்பை உட்டா எனக்கு நீயா வேலை குடுப்ப? நகரு! இந்த அக்கா ஒரு மணி நேரமா பேசறதைக் கேட்டுட்டா நிக்கிற?" உள்ளே ஏதோ கனமாகத் திரும்பி, கிளைகளை முறித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனது. ஜீப்பையும் பிடித்தோம். திரும்பி வரும்போது தனியாக நான் வந்த வேகத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வலைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு சாயங்காலம் நாயைக் கொண்டுவந்து இறக்கினார்கள். காது நுனியில் ஆபரேசன் அடையாளமாகச் சின்னதாக ஒரு வெட்டு, கொஞ்சம் இளைப்பு, எங்கள் எல்லோர் மேலும் கோபம். அவள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அங்கேயே படுத்தது.

மறுநாள் விடிகாலையில் பழக்கத்தில் எழுந்து, மப்ளரைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். அவள் அதற்குள் பாதையில் கால் வைத்திருந்தாள். நாய் அவளுக்கு முன்னால்.

"நீங்க தூங்குங்க அக்கா, இதுதான் வந்துருச்சில்ல" என்றாள்.

கதவைச் சாத்த மனசு வரவில்லை. செருப்பை மாட்டினேன்.

"எதுக்குக்கா?"

"உங்கம்மா கப்பல்ல ஏறினதோட நேத்து நிறுத்திட்ட. எறங்க வேண்டாமா?"